கூந்தற் கொடை

சித்தியவானுக்கு அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவள் நான். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இடுப்புக்குக் கீழே தொங்கிய என் கூந்தலைச் சென்ற தை மாதம் கழுத்தளவாக வெட்டிக் கொடுத்துவிட்டேன். மறுநாட் காலை ஆபீசுக்குள் நுழைந்ததும், வீட்டில் யாருக்கு என்ன நேர்ந்தது என்று துக்கம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கடன் தொல்லையால் விற்றுவிட்டாள் என்றார் ஒருவர். இங்கிலீஷ் படித்த கொழுப்பு என்றார் மற்றொருவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சமாதானம் சொல்லுவதைவிட, எல்லாருக்குமாக ஒருமுறை எழுதிவிடுவதே நலமென்று தோன்றிற்று.

என் அத்தை மகள் புற்றுநோய்க்காக ஈப்போவில் சிகிச்சை பெற்றாள். மருந்து ஏற்றத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில், சீப்பை வைத்தால் முடி கொத்துக் கொத்தாக வந்தது. விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குவதே அம்மருந்தின் வேலை. நோயின் அணுக்களும் விரைந்து பெருகுவன. மயிர்க்காலின் அணுக்களும் அப்படியே. மருந்துக்கு இவ்விரண்டிற்கும் வேற்றுமை தெரியாது. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலும் முடி மீண்டும் முளைத்துவிடும். வைத்தியர் இதைச் சொன்னார். அவளும் தைரியமாகவே இருந்தாள். ஆனால் உறவினர் வீட்டுக் கலியாணத்தில், குங்குமத் தட்டு அவள் முன் நில்லாமல் அடுத்தவளிடம் போயிற்று. அவள் கணவன் பத்தடி தூரத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தான்! அன்று வீடு சேர்ந்தவள் பிறகு வாசற்படி தாண்டவில்லை. நோயைத் தாங்கிய நெஞ்சம் அந்தத் தட்டைத் தாங்கவில்லை.

பின்னர் யாரோ தானம் செய்த கூந்தலாலான பொய்முடி ஒன்று அவளுக்குக் கிடைத்தது. அதை அணிந்து வேறொரு கலியாணத்துக்குப் போனாள். தட்டு வந்தது, நின்றது. திரும்பி வந்து என் தோளில் சாய்ந்துகொண்டு, "தட்டு எனக்காக நிற்கவில்லை அக்கா, டோப்பாவுக்காக நின்றது," என்றாள்.

அச்சொல்தான் என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தது.

ஒரு தலைமுடியால் ஒரு பொய்முடி ஆகிவிடாது. அமெரிக்காவில் 1997-இல் தோன்றிய லாக்ஸ் ஆஃப் லவ் என்னும் சங்கம், குழந்தைகளுக்குச் செய்யும் பொய்முடி ஒன்றுக்கு 6 முதல் 10 பேருடைய முடி வேண்டும் என்கிறது. அதுவும் 10 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மாதம் அரை அங்குலம் வளரும் கூந்தலுக்கு அது இருபது மாத உழைப்பு. கழுவி, நன்றாக உலர்த்தி, இறுகக் கட்டி, கட்டுக்கு மேலே வெட்ட வேண்டும். வேரும் நுனியும் கலந்துவிட்டால் சிக்கு விழும், எதற்கும் உதவாது.

என் தாயார் இதைக் கேட்டதும், "புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில் முண்டச்சி வேஷம் போடப் பார்க்கிறாயே!" என்று அலறினார். எனக்கு மூன்று வயதில் காய்ச்சல் கண்டபோது, ஈப்போ கல்லுமலைக் கோயிலில் நேர்ந்துகொண்டு என் தலையை மொட்டையடித்தவரும் அவரே. சாமிக்குக் கொடுத்தால் புண்ணியம், நோயாளிக்குக் கொடுத்தால் அமங்கலம். இது என்ன கணக்கு?

சாமிக்குக் கொடுத்த முடிதான் எங்கே போகிறது? திருப்பதி மலையில் பக்தர்கள் இறக்கும் முடியைத் தேவஸ்தானத்தார் ஏலம் விடுகிறார்கள். அது கடல் கடந்து பொய்முடியாகிறது. 2004-இல் ஜெருசலத்தின் யூத மத குரு ஒருவர், விக்கிரக வழிபாட்டில் வந்த அம்முடியை அணியலாகாது என்று தீர்ப்பளித்ததால், நியூயார்க் புரூக்ளினில் யூதர் தங்கள் பொய்முடிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினர். ஆக, ஆண்டவனுக்கென்று இறக்கியதும் கடைசியில் ஒரு மனிதத் தலைக்கே போய்ச் சேருகிறது. நடுவே ஏலம் ஒன்றுதான் அதிகம்.

இதையெல்லாம் சொல்லியும் தாயார் மசியவில்லை. கடைசியில், "அம்மா, நீங்கள் விசேஷங்களுக்கு வைத்துப் பின்னும் சவுரி யார் தலைமுடி? அவள் சுமங்கலியா, விதவையா என்று கடையில் கேட்டா வாங்கினீர்கள்?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, எண்ணெய் போக என் தலையைத் தாமே சீயக்காய் தேய்த்துக் கழுவிவிட்டார்.

கேரளத்தில் இரிஞ்ஞாலக்குடா போலீஸ் உத்தியோகஸ்தர் அபர்ணா லவகுமார், 2019-இல் தம் நீண்ட கூந்தலை முழுதும் மழித்துப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தார். மொட்டைத் தலையோடு அரசாங்க உடுப்பில் நின்ற அவரைப் பார்த்து ஊரார் பெருமைப்பட்டனரேயன்றி, யாரும் அவரை ஒதுக்கவில்லை. நம் பாட்டன்மார் குடுமியைக் கத்தரித்தபோதும் குலம் கெட்டதென்று கூச்சலிட்டார்கள். குலம் இருக்கிறது, குடுமிதான் இல்லை.

ஒன்று கேட்கலாம்: பொய்முடி கொடுப்பதால், மொட்டைத் தலை இழிவென்னும் மூடத்தனத்துக்கு நாமும் துணை போகவில்லையா? நானும் பல இரவு யோசித்தேன். நோயிற் கிடப்பவளைப் பார்த்து, "நீ முதலில் ஊரைத் திருத்து" என்று சொல்ல எனக்கு வாயில்லை. அவளுக்கு இன்று வேண்டியது முடி, அதைக் கொடுப்போம். ஊரைத் திருத்தும் வேலை உடம்பில் வலுவுள்ள நம்முடையது.

என் அத்தை மகளுக்கு இப்போது விரற்கடை நீளம் முடி முளைத்திருக்கிறது. வரும் வைகாசியில் ஒரு கலியாணம். டோப்பாவை வீட்டில் வைத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கழுத்தளவுக் கூந்தலோடு நான் அவள் பக்கத்தில் உட்காரப் போகிறேன். தட்டு ஏந்தி வரும் சகோதரிகள் இதைப் படித்திருப்பார்களென்று நம்புகிறேன்.