தேனீயின் நோயும் மறைத்து வைத்த அறிவும்

தேனீயைப் புகழாத புலவர் நம்மிற் சிலரே. "தேனீயைப் போல் உழை" என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் போதிக்கின்றோம். ஆனால் அவ்வுயிருக்கும் நோய் வருமா, வந்தால் அதனை அறிவது யார், தடுப்பது எவ்வாறு என்று கேட்டவர் எத்தனை பேர்? உழைப்பவனைப் புகழ்ந்துவிட்டு அவன் நோயை விசாரியாதிருப்பது நமக்குப் புதிய வழக்கமன்று.

நான் தென்னந்தோப்பொன்றின் ஓரத்தில் சில தேனீப் பெட்டிகளைப் பல்லாண்டுகளாக வைத்து வருகின்றேன். தேன் விற்றுச் செல்வனாகவில்லை. எனினும் ஓர் உண்மையைக் கற்றுக்கொண்டேன். தேனீயின் நலம் மருந்துப் புட்டியில் அடங்கியதன்று. பெட்டியைத் திறந்து பார்ப்பவனும், நுண்ணோக்கியில் ஆராய்பவனும் தாம் கண்டதை ஒருவருக்கொருவர் ஒளியாமற் சொல்வதிலேயே அது பெரும்பாலும் அடங்கியிருக்கின்றது.

தேனீயைப் பற்றிய இக்கால ஆராய்ச்சியின் வரலாறே இதற்குச் சான்று. 1750-இல் ஜினீவா நகரிற் பிறந்த பிரான்சுவா ஹூபர் என்பார் இளமையிலேயே பார்வை இழந்தவர். கண்ணில்லாத அவர் தேனீயை ஆராயப் புகுந்தார். அவருக்குக் கண்ணாய் அமைந்தவர் பர்னன்ஸ் என்னும் வீட்டு வேலையாள். எசமானர் வினவுவார், வேலையாள் பார்த்து வந்து சொல்வார். இராணி அல்லாத தேனீக்களிலும் முட்டையிடுவன உண்டோ என்று அறிய, இரண்டு பெட்டிகளிலிருந்த தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பதினொரு நாட்கள் சோதித்தார் பர்னன்ஸ். கொட்டுகளுக்கு அஞ்சினாரல்லர். இராணி கூட்டுக்கு வெளியே பறந்து சென்றே ஆண் தேனீயோடு கூடுகின்றது என்னும் உண்மை இவ்விருவர் உழைப்பால் விளங்கியது. 1792-இல் வெளியிட்ட நூலில் அவ்வேலையாளின் பெயரையும் பணியையும் ஹூபர் மறைக்கவில்லை. பிறப்பும் பதவியும் அறிவுக்கு அளவுகோலல்ல என்பதை மேடையேறிப் பேசாமலே மெய்ப்பித்த இருவர் இவர்கள்.

நம்மிடத்தில் நடப்பதோ வேறு. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் தோட்டத்து லயத்தின் பின்புறம் ஒரு பெரியவர் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் வைத்திருந்தார். கைதேர்ந்தவர், ஆனால் எவரையும் அருகில் விடமாட்டார். கண்ணேறு படும் என்பார். ஓராண்டு அவருடைய தேனீக்களின் புழுக்கள் அடையிலேயே மடியத் தொடங்கின. பெரியவர் தாயத்துக் கட்டினார், சாம்பிராணி போட்டார். பின்னர், அடுத்த வீட்டில் இருந்த கைம்பெண் காலையில் எதிர்ப்படுவதுதான் காரணம் என்று சொல்லிவிட்டார். லயமும் அதை நம்பிற்று.

அவ்வம்மையார் நாள்தோறும் தம் வாயிலைக் கூட்டுகையில், தேனீக்கள் கொண்டுவந்து போட்ட செத்த புழுக்களைக் கண்டிருக்கின்றார். "தம்பி, இதை எடுத்துப் பார். தண்ணீர் நிறைந்த சிறு பை போல் இருக்கிறது, தலைப்பக்கம் மட்டும் கறுத்திருக்கிறது" என்று என்னிடம் காட்டினார். அவரிடம் கேட்பார் யாருமில்லை. பெரியவரோ நோயுற்ற பெட்டிகளின் அடைகளை எடுத்து வேறு இருவருக்குக் கொடுத்தார். சில மாதங்களில் தோட்டத்திலிருந்த பெட்டிகள் யாவும் வெறுமையாயின. பழியைச் சுமந்த அம்மையார் அவ்வாண்டே தமையனார் வாழ்ந்த வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அவர் கூறிய அடையாளம் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய்க்கு உரியது என்பதைப் பின்னாளிற் படித்தறிந்தேன். நோய்ப்பட்ட புழு தன் கடைசித் தோலை உரிக்கமாட்டாது. உடலுக்கும் தோலுக்கும் இடையே நீர் கோத்துப் பையாகிவிடும். செத்த புழுவை அப்புறப்படுத்தும் இளந்தேனீயே, வாய்வழி நோயைப் பெற்று, அடுத்த புழுவுக்கு ஊட்டும் உணவோடு கொடுத்துவிடுகின்றது. இதிற் கண்ணேறு எங்கே? கைம்பெண் எங்கே? நோயுள்ள அடையை நல்ல பெட்டிக்குள் வைத்த கைதான் உண்டு.

இந்நோயின் கொடியதொரு வகை 1976-இல் தாய்லாந்தில் இனங்காணப்பட்டது. நம் தேனீயாகிய இந்தியத் தேனீயையே அது பெரிதும் தாக்கும். 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் அது தென்னிந்தியாவிற் புகுந்து, பத்துக் குடும்பங்களில் ஒன்பதுக்கு மேல் அழித்தது. 1920-களிலேயே தேனீ வளர்ப்பு வேரூன்றிய மார்த்தாண்டம் வட்டாரத்திலும் பெட்டிகள் வெறுமையாயின. அங்குள்ளோர் தேனுக்குப் பெரிதும் நம்பியிருப்பது நாம் பால் வெட்டிய அதே இரப்பர் மரத்தைத்தான். இலையுதிர்ந்து புதுத்தளிர் முற்றும் பருவத்தில், மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு நுனியிலிருந்து தேன்நீர் சுரக்கும். பூவில்லாமலே தேன் தரும் மரம் அது. அப்பருவத்திற் பெட்டிகளைத் தோட்டந்தோட்டமாகக் கொண்டு செல்வர். பெட்டி போகுமிடமெல்லாம் நோயும் போகும்.

வைரஸ் நோயாதலால் அதனைத் தீர்க்கும் மருந்தில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளை ஊட்டுவதால் தேன் கெடுமேயன்றி நோய் தீராது. எனினும் எல்லாக் குடும்பங்களும் மடிந்துவிடவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில பிழைத்து நின்றன. எந்தப் பெட்டி பிழைத்தது என்று சொல்ல வல்லவர் அதனை வைத்திருந்த குடியானவர். பிழைத்த குடும்பங்களிலிருந்தே இராணிகளை வளர்க்க வேண்டும் என்று விளக்க வல்லவர் ஆராய்ச்சியாளர். இராணியைச் சில நாள் அடைத்து வைத்து முட்டையிடுவதை நிறுத்தினால், நோய் பற்றப் புழு இல்லாமற்போம் என்னும் முறையும் கைக்கொள்ளப்பட்டது. இருவகை அறிவும் கூடிய இடத்தில் தேனீ மீண்டது.

மற்றொன்று கூறுவேன். வரோவா என்னும் உண்ணியினத்தை 1904-இல் ஜாவாவிற் கிடைத்த மாதிரிகளிலிருந்து அறிஞர் விவரித்தனர். அவ்வினம் ஆசியத் தேனீயோடு நெடுங்காலம் வாழ்ந்து வந்தது. பெரும்பாலும் ஆண் புழுக்களிலேயே பெருகியதால் கூட்டை அழிக்கவில்லை. மனிதர் ஐரோப்பியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்தபின் அவ்வினத்தில் ஒன்று அதன்மேல் தாவியது. வேலைக்காரத் தேனீயின் புழுக்களிலும் பெருகி, உலகெங்கும் பரவி, 2022-இல் ஆஸ்திரேலியப் பெருநிலத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது.

இதனைக் கணக்கிடப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அரைக்கோப்பைத் தேனீயை, அதாவது ஏறக்குறைய 300 தேனீக்களை, வலைமூடியிட்ட கண்ணாடிச் சாடியிலிட்டுச் சர்க்கரைப் பொடி தூவிக் குலுக்கினால், உண்ணிகள் பிடி நழுவி வலைவழியே விழும். எண்ணிக்கொண்டு தேனீக்களைக் கூட்டுக்கே அனுப்பிவிடலாம். ஒருவன் எண்ணினால் அது அவன் பெட்டிக்குப் பயன்படும். ஆயிரம் பேர் எண்ணித் தெரிவித்தால் நோய் எங்கிருந்து எங்கே செல்கின்றது என்பது நாட்டுக்கே புலப்படும்.

"என் பெட்டியில் நோய் என்று சொன்னால் என் தேனை யார் வாங்குவர்?" என்று கேட்போருண்டு. நியாயமான அச்சமே. ஆனால் தேனீக்கு வேலியில்லை. என் பெட்டி பலவீனப்பட்டால் உன் தேனீ வந்து அதன் தேனைக் கொள்ளையிடும். கொள்ளையோடு நோயையும் சுமந்து செல்லும். நான் மறைப்பது உன்னைக் கெடுக்கும். நீ மறைப்பது என்னைக் கெடுக்கும். அறிஞருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் முடிவுகள் தோட்டத்தானுக்கு விளங்கும் தமிழில் வராதவரையில், அவையும் அப்பெரியவரின் பூட்டிய பெட்டிகளே.

ஆகவே, பெட்டி வைத்திருக்கும் தோழர்களே! ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். புழு எப்போது இறந்தது, எந்நிறத்தில் இருந்தது, எந்தக் கூடு தாங்கிற்று என்று நாளிட்டு எழுதுங்கள். மாதமொருமுறை கூடிப் படித்துக் காட்டுங்கள். நோயைக் கண்டால் அடையைக் கைமாற்றாதீர்கள், செய்தியைக் கைமாற்றுங்கள். வாயிலைக் கூட்டுபவர் ஒன்றைக் கண்டேன் என்றால், அவர் யாரென்று கேளாமல், என்ன கண்டார் என்று கேளுங்கள்.