விரலுக்கு எட்டாத பனி

ஜனவரியில் ஒரு காலை, ஸ்காபரோ வீட்டின் படுக்கையறை ஜன்னலை மூன்று தரம் துடைத்தேன். மங்கல் போகவில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே பனி பூத்திருந்தது. விற்ற கடையில் கேட்டால், உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதாம். அந்த எரிச்சலோடுதான் நண்பர் ஒருவரைப் பிடித்து ஒரு கண்ணாடிப் பட்டறைக்குப் போனேன்.

"விரலாலை தடவிப் பாத்தனீரோ தம்பி?" பட்டறை அண்ணையின் முதல் கேள்வி அது. யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு எல்லாக் கணக்கும் விரல் கணக்குதான். அறைப்பக்கம் ஈரம் பட்டால் வீட்டுக் காற்றின் ஈரம். வெளிப்பக்கம் பட்டால் கவலையே வேண்டாம். வீட்டுச் சூட்டை வெளியே விடாத நல்ல ஜன்னலில்தான் அப்படி வியர்க்கும். இரண்டு பக்கமும் காய்ந்திருந்தால் விளிம்பில் ஒட்டு விட்டுப்போயிற்று. "ஃபிரேமைக் கழட்டத் தேவையில்லை. சீல்ட் யூனிட்டை, அதுதான் ஒட்டின ரெண்டு கண்ணாடியையும், மட்டும் மாத்தலாம்."

கண்ணாடிகளைப் பிரித்து வைக்கும் ஸ்பேசர், உள்ளே கூடான அலுமினியப் பட்டை. அதற்குள் கடுகுபோன்ற மணிகளை நிரப்பிக்கொண்டிருந்தார் ஒரு ஃபிலிப்பினோ அக்கா. எடுத்த கையோடு டிரம்மை மூடிவிடுகிறார். ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மணியைப் போட்டு, அதன்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். சுருக்கென்று சுட்டது. நான் கையை உதற, பட்டறையே சிரித்தது. ஈரத்தைக் குடிக்கும்போது மணி சூடாகும். சுடவில்லையென்றால் அது ஏற்கெனவே காற்றிலிருந்து குடித்து முடித்த மணி, ஜன்னலுக்கு உதவாது.

ஸ்பேசரின் இரு பக்கமும் கறுப்பு பியூட்டைல். ஈரத்துக்கு அதுதான் காவல். வெளியே பூசும் சீலண்ட், கண்ணாடிகளை இறுக்கிப் பிடிக்க. நடுவே ஆர்கான் வாயு. காற்றைவிடக் கனமானதால் கீழிருந்து ஏற்ற, காற்று மேலே வெளியேறிவிடும். 1865-இலேயே அமெரிக்காவில் தாமஸ் ஸ்டெட்சன் இரட்டைக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். யோசனை அவ்வளவு பழையது. இன்றும் பாடுபடுத்துவது விளிம்புதான். வெயிலில் உள்வாயு விரியும், இரவில் சுருங்கும்; தினமும் ஒட்டு இழுபடும். அண்ணை நேரான விளிம்பைச் சரசரவென்று முடித்துவிட்டு, மூலைக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சீலண்டை அழுத்தினார். "உந்த மூலையாலைதான் கள்ளன் வருவான்."

கிளம்பும்போது, குசினி ஜன்னலின் கீழ் ஓரத்திலும் பனிக்கட்டி பிடிக்கிறது, அதையும் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். விரலில் படுகிறதா என்றார். படுகிறது. அப்படியென்றால் ஜன்னலில் பிழை இல்லையாம். வீட்டுக்குள் 21 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், 7 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதிலும் நீர் கோக்கும். வெளியே மைனஸ் 20 ஆகும்போது அலுமினிய ஸ்பேசர் வழியாகக் குளிர் ஏறி, கண்ணாடியின் ஓரம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது.

"சோறு வடிக்கேக்கை அடுப்புக்கு மேலை இருக்கிற ஃபேனைப் போடுறனீரோ?"

சத்தம் தாங்காமல் மூன்று வருஷமாக அதைத் தொட்டதே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.