எண்ணும் கண்ணும்: பழைய பிக்சர் டியூபைச் சீர்செய்தல்

பழைய ஆர்கேட் மொனிட்டரோ பழைய கலர் டீவியோ, பிக்சர் டியூப் உள்ள எந்தப் பெட்டியிலும் கம்பனி எழுதித்தந்த எண்ணுக்கு அப்படியே கட்டுப்பட வேண்டிய இடம் ஒன்றுதான்: லைன் அவுட்புட் பகுதிக்குப் போகும் பி-பிளஸ் வோல்டேஜ். மற்றதையெல்லாம் பெட்டி நிற்கும் இடத்தில், அது காட்டப்போகும் படத்தையே ஓடவிட்டு, கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். வேலை நடப்பதோ பெரும்பாலும் தலைகீழாக. படம் ஒடுங்கினால் பி-பிளஸ் பிரிசெட்டைத் துணிந்து திருகிவிடுகிறார்கள். கலரும் வெள்ளையும் கெட்டால் மட்டும் மெனுவலில் உள்ள எண்ணைத் தேடிப் பிடித்து, மீட்டரில் அது வந்ததும் வேலை முடிந்ததென்று மூடியை மாட்டிவிடுகிறார்கள். ஊவாவின் கொஸ்லந்த மாதிரியான மலைச்சரிவு ஊரில் இந்தப் பழக்கம் பெட்டியின் ஆயுளைக் குறைக்கும்.

ஆர்கேட் மொனிட்டருக்கும் வீட்டு டீவிக்கும் உள்ள உறவை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊவாத் தோட்டப் பக்கங்களில் பழுதுபார்க்க வருவது டீவிதான். அமெரிக்காவின் வெல்ஸ்-கார்ட்னர், கனடாவின் எலெக்ட்ரோஹோம், இத்தாலியின் ஹன்டரெக்ஸ் போன்ற கம்பனிகள் விளையாட்டுப் பெட்டிகளுக்குச் செய்த மொனிட்டர்கள், டியூனரும் ஒலிப்பகுதியும் நீக்கிய டீவிகளே. டியூப் அதே டியூப், யோக் அதே யோக், ஃப்ளைபேக் அதே வகை. 1982 பெப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினி பயன்படுத்திய பால் முறையில் 625 வரிகள், செக்கனுக்கு 50 அரைப்படங்கள். அதாவது கதிர் செக்கனுக்கு 15,625 முறை இடமிருந்து வலம் ஓட வேண்டும். அமெரிக்க, ஜப்பானிய முறையில் அது ஏறக்குறைய 15,734. ஆர்கேட் மொனிட்டர்களின் விவரத்தாளில் 15.75 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதும் இதே அயலுக்குள்தான். 1983-இல் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபமிகொமும், அதைப் பார்த்துச் செய்து பிள்ளைகள் கைக்கு வந்த மலிவான டீவி கேம் பெட்டிகளும் கேட்பது இந்த ஓட்டத்தைத்தான். ஆகவே லயத்துக் காம்பராவில் டீவி கேம் ஓடும் 14 அங்குலப் பெட்டியைச் சரியாகத் திருத்தத் தெரிந்தவருக்கு ஆர்கேட் மொனிட்டர் புதிய பாடமல்ல.

இனி பி-பிளஸ். 14 அங்குலம் முதல் 21 அங்குலம் வரையான பெட்டிகளில் இது பெரும்பாலும் 100 வோல்ட்டுக்கும் 130 வோல்ட்டுக்கும் இடையில் இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும் இந்த எண்ணை, போர்டில் அச்சடித்த இடத்திலோ மெனுவலிலோ பார்த்து, நல்ல மீட்டரில் அளந்து வைக்க வேண்டும். கண்ணுக்கு இதில் வேலையே இல்லை. காரணம், இந்த ஒரு வோல்டேஜிலிருந்துதான் கதிரை அலைக்கும் கரண்டும் பிறக்கிறது, டியூபின் பக்கவாட்டு மூடிக்குள் போகும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வோல்ட்டும் பிறக்கிறது. பி-பிளஸ்ஸை 10 சதவீதம் ஏற்றினால் அலைக்கும் கரண்ட் 10 சதவீதம் கூடும். ஆனால் உயர் அழுத்தமும் அதே அளவு கூடி, கதிர் வேகமாகப் பாய்ந்து, வளைய மறுக்கும். விளைவாகப் படம் அகலமாவது ஏறக்குறைய 5 சதவீதம் மட்டுமே. அந்த 5 சதவீதத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. லைன் அவுட்புட் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் ஒவ்வொரு திரும்போட்டத்திலும் ஏறும் வோல்டேஜ் பி-பிளஸ்ஸைப் போல எட்டிலிருந்து பத்து மடங்கு. 115 வோல்ட் பெட்டியில் அது 1,000 வோல்ட்டை ஒட்டி நிற்கும். பியூ508 போன்ற டிரான்சிஸ்டர்கள் தாங்கும் எல்லை 1,500. ஈரத்தில் வலுவிழந்த ஒரு கப்பாசிட்டர், மின்னலில் வந்த ஒரு துள்ளல், அதன்மேல் யாரோ ஏற்றிவைத்த 10 சதவீதம், மூன்றும் சேர்ந்தால் இடையில் இருந்த பாதுகாப்பு இடைவெளி காணாமல் போய்விடும். எக்ஸ்-கதிர் விஷயமும் இருக்கிறது. டியூபின் கண்ணாடி அதைத் தடுப்பது விதித்த வோல்டேஜ் வரையில்தான். அதற்கு மேலே வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் கதிர்வீச்சு மடங்குகளில் கூடும். இதற்காகவே, அழுத்தம் எல்லை மீறினால் பெட்டியை நிறுத்தும் சுற்று ஒன்றைக் கம்பனிகள் வைத்தன. பெட்டி அடிக்கடி நின்றுபோகிறதென்று அந்தச் சுற்றையே துண்டித்துவிடுவதைத் தொழில் என்று ஏற்க முடியாது.

மறுப்பு ஒன்று உடனே வரும்: தோட்டத்துக் கரண்ட் எப்போதுமா 230 வோல்ட் இருக்கிறது? டிரான்ஸ்ஃபோமரிலிருந்து நெடுந்தூரம் வயர் இழுத்த கடைசி லயத்தில், மின்சார சபை உச்சநேரம் என்று வகுத்த மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை விளக்கே மங்கித்தான் எரியும். அப்போது படம் ஒடுங்கினால் பி-பிளஸ்ஸை ஏற்றாமல் வேறு என்ன செய்வது? நியாயமான கேள்விதான். ஆனால் அது நோயைத் தவறான இடத்தில் தேடுகிறது. ஸ்விட்ச்மோட் பவர் சப்ளை உள்ள பெட்டி மெயின்ஸ் 150 வோல்ட்டுக்கு இறங்கினாலும் பி-பிளஸ்ஸை அசையாமல் பிடிக்க வேண்டியது. பிடிக்கவில்லையென்றால் பவர் சப்ளையில் உலர்ந்துபோன கப்பாசிட்டர் இருக்கிறது, அதை மாற்ற வேண்டும். பழைய ஆர்கேட் மொனிட்டரில் இருப்பது பெரும்பாலும் நேர்வகை ரெகுலேட்டர். அது தன் வெளியீட்டைவிட உயர்ந்த வோல்டேஜ் உள்ளே வந்தால்தான் வேலை செய்யும். வராதபோது பிரிசெட்டை எந்தப் பக்கம் திருகியும் பயனில்லை. அதற்கு மருந்து வெளியே வைக்கும் ஸ்டெபிலைசர். மங்கிய மாலையில் திருகி வைத்த பிரிசெட், நள்ளிரவில் கரண்ட் 240-க்கு ஏறும்போது என்ன செய்யும் என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

எண்ணுக்குக் கட்டுப்படும் பகுதி இவ்வளவே. இதற்கு அப்பால் விவரத்தாள் சொல்வதெல்லாம் வேறொரு ஊரில், புதிய டியூபில், மாதிரிச் சிக்னல் ஒன்றை வைத்து எடுத்த அளவுகள். சிக்னலையே எடுத்துக்கொள்ளலாம். 1980-இல் நாம்கோ வெளியிட்ட பாக்-மேன் போர்டின் கடிகாரத்தைக் கணக்கிட்டால் வரி ஓட்டம் 16,000 ஹெர்ட்ஸ், படம் செக்கனுக்கு 60.6. விவரத்தாளின் 15.75-க்கும் இதற்கும் இடைவெளி சிறிதுதான், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் கிடைக்கும் நேரம் குறைவதால் படம் கொஞ்சம் ஒடுங்கும், ஓரத்தில் மடிப்பும் தெரியலாம். செங்குத்து உயரத்தில் இது இன்னும் துலக்கம். பழைய சுற்றுகளில் செங்குத்துக் கரண்ட் ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டே போகும்; 50 ஹெர்ட்ஸில் ஏறக் கிடைக்கும் நேரம் 20 மில்லிசெக்கன், 60-இல் 16.7 மட்டுமே. 50-க்கு உயரம் வைத்த பெட்டியில் 60 ஹெர்ட்ஸ் விளையாட்டைப் போட்டால் படம் ஆறில் ஒரு பங்கு குட்டையாகும். அதனால் எந்தச் சிக்னலுக்குப் பெட்டி பயன்படப் போகிறதோ அதை வைத்துத்தான் உயரம், அகலம், ஹோல்ட் மூன்றையும் திருத்த வேண்டும்.

எண் எப்படி ஊருக்கு ஊர் மாறும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று பூமியின் காந்தப்புலம். கலர் டியூபின் உள்ளே துளைத்தகடு ஒன்றின் வழியாகச் சிவப்பு, பச்சை, நீலக் கதிர்கள் மூன்றும் தத்தம் பாஸ்பர் கோட்டில் விழ வேண்டும். செங்குத்தான காந்தப்புலம் கதிரைப் பக்கவாட்டில் தள்ளும். கோடுகளும் செங்குத்தாக நிற்பதால் அந்தத் தள்ளல் நேரே அடுத்த நிறத்தின் கோட்டில் கொண்டுபோய் விழுத்தும். கிடையான புலம், டியூபின் முகம் கிழக்கையோ மேற்கையோ பார்க்கும்போது கதிரை மேலே கீழே நகர்த்தும். அது கோட்டின் நீளத்திலேயே நகர்வதால் நிறம் கெடாது. டோக்கியோவில் காந்த ஊசி கிட்டத்தட்ட 50 பாகை கீழ்நோக்கிச் சாயும், அதாவது அங்கே செங்குத்துப் புலம் வலுவானது. நம் பக்கமோ காந்த நடுக்கோட்டுக்கு அருகில். 1963-இல் இந்தியா தன் முதல் ரொக்கெட்டை ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்தக் கோடு அதன் அருகில் போவதே காரணம். கொஸ்லந்த அதற்குச் சற்றே தெற்கு. இங்கே ஊசி ஏறக்குறைய கிடையாகவே நிற்கும். இதை அறிந்துதான் பெரிய கம்பனிகள் வட அரைக்கோளம், தென் அரைக்கோளம், நடுக்கோட்டுப் பகுதி என்று தனித்தனியாகத் திருத்திய டியூப்களை விற்றன. ஜப்பானுக்கென்று திருத்திய பெட்டி ஹப்புத்தளைக்கோ கொஸ்லந்தைக்கோ வந்தால், தொழிற்சாலையில் மெழுகு வைத்து முத்திரையிட்ட காந்த வளையங்கள் இங்கே சரியான இடத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இங்கே ஒரு பொதுவான தவறெண்ணமும் இருக்கிறது. டிகாஸ் கொயில் டியூபின் காந்தத்தை அழித்து வெறுமையாக்குகிறது என்று நினைக்கிறோம். உண்மையில், மெல்ல அடங்கும் மாறுமின்னோட்டப் புலம், உள்ளிருக்கும் இரும்புக் கவசத்தை அந்த இடத்தின் புலத்துக்கு எதிராக நிற்கும் நிலையில் கொண்டுவந்து விடுகிறது. ஆகவே கடை மேசையில் முகம் வடக்கைப் பார்த்திருக்க டிகாஸ் செய்த பெட்டி, லயத்தில் மேற்குப் பார்த்து வைத்ததும் மூலையில் பச்சைத் திட்டுக் காட்டினால் அது பழுது அல்ல. வைக்கும் இடத்தில், வைக்கும் திசையில் இன்னொரு முறை டிகாஸ் செய்து, சிவப்புத் திரை மட்டும் போட்டுப் பார்த்து, திட்டு இன்னும் நின்றால் மட்டுமே கழுத்திலுள்ள வளையங்களைத் தொட வேண்டும். முன்னால் உள்ள இரண்டு துருவ வளையம் தூய்மைக்கு. நான்கு துருவ, ஆறு துருவ வளையங்கள் மூன்று நிறத்தையும் நடுவில் ஒன்றுசேர்க்க. ஓரங்களில் சேர்ப்பது யோக்கின் கீழ் செருகிய ரப்பர் ஆப்புகளின் வேலை. வரிசை மாறினால் முதலில் செய்தது கெடும். வடக்கு அல்லது தெற்குப் பார்த்த பெட்டியில் படம் மிகச் சிறிது சாய்ந்து நிற்பதும் இந்தக் கிடைப் புலத்தால்தான். அதைச் சரிசெய்ய யோக்கை முறுக்கிவிட்டு, பிறகு பெட்டியைச் சுவர் மாற்றி வைத்தால் சாய்வு மறுபக்கம் வரும்.

வெள்ளைச் சமநிலையும் இப்படித்தான். கதோடுக்கு இத்தனை வோல்ட், ஸ்கிரீனுக்கு இத்தனை வோல்ட் என்று மெனுவல் சொல்வது புதிய டியூபை மனதில் வைத்து. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய டியூபில் மூன்று கதோடும் ஒரே அளவில் தேய்வதில்லை. மெனுவல் எண்களைப் போட்டால் இருட்டில் நீலம் தேங்கும், வெளிச்சத்தில் முகங்கள் வெளிறும். படத்தை ஒற்றைக் கோடாக ஒடுக்கி, ஸ்கிரீனை ஏற்றி, முதலில் தெரியும் நிறத்துக்கு மற்ற இரண்டையும் கட்ஆஃப் பிரிசெட்டால் இணைத்து, பிறகு முழுப் படத்தில் டிரைவைத் திருத்துவதே நம்பகமான வழி. எது வெள்ளை என்பதையும் இடம்தான் தீர்மானிக்கும். ஜப்பானியப் பெட்டிகள் 9,300 கெல்வின் நீலச்சாயல் வெள்ளைக்குத் திருத்தப்பட்டவை; ஒளிபரப்பு விதிகள் கேட்டது 6,500. பகல் வெளிச்சம் பொழியும் கடைத்தெருவில் பிரகாசத்தை ஏற்றி வைத்த பெட்டி, சிறு ஜன்னல் மட்டும் உள்ள காம்பராவில் கண்ணைக் குத்தும். அந்தப் பிரகாசத்தில் கதோடு வீணாகத் தேயும். இஸ்தோப்பில் இருந்து எட்டிப் பார்ப்பவருக்கும் தெரியும் அளவு பிரகாசம் வேண்டும் என்று கேட்பார்கள்தான். டியூப் தேய்ந்திருந்தால் அந்த ஆசைக்கு இணங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கண் ஏமாற்றும், அதை நம்பித் தொழில் செய்வதா என்பார்கள். ஏமாற்றும்தான். அதற்காகவே கட்டம் போட்ட பட்டர்னும் சாம்பல் படிகளும் இருக்கின்றன. அவை கண்ணுக்கு ஒப்பிட ஒரு பிடி தருகின்றன. பெட்டி அரை மணி நேரமாவது சூடான பிறகே எதையும் திருத்த வேண்டும் என்பதும் அதனால்தான். ஊவாவின் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த விதி இரட்டிப்பாகப் பொருந்தும். போட்டதும் மங்கலாக இருந்து, மெல்ல மெல்லத் துலங்கும் படத்தைப் பார்த்து ஃபோகஸைத் திருகுவார்கள்; மறுநாள் சூடானபின் அதே படம் மங்கும். பழுது டியூப் சொக்கெட்டில், ஃபோகஸ் பின்னைச் சுற்றியுள்ள தீப்பொறி இடைவெளியில் ஈரம் ஏறி வோல்டேஜ் கசிவது. சொக்கெட்டை மாற்றினால் தீரும். இந்தப் பழுதைக் காட்டிக்கொடுப்பது மீட்டரைவிட, நேரத்தோடு மாறும் படத்தைப் பொறுமையாகப் பார்த்திருக்கும் கண்.

தட்டைத் திரைக் காலத்தில் இதெல்லாம் யாருக்கு என்ற கேள்வியும் உண்டு. நிண்டெண்டோவின் வாத்து சுடும் விளையாட்டின் துப்பாக்கியைத் தட்டைத் திரையை நோக்கிப் பிடித்தால் ஒரு வாத்தும் விழாது. விசையை அழுத்தியதும் திரை கறுத்து, குறியில் வெள்ளைச் சதுரம் மின்னும் அந்தக் கணத்தை, ஏறக்குறைய 15 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் ஒளியாக மட்டுமே அந்தத் துப்பாக்கி அடையாளம் காணும். பழைய விளையாட்டுகளின் ஓவியமும் வரிகளுக்கிடையே கறுப்பு விழும் திரைக்காகத் தீட்டப்பட்டது. புதிய டியூப் இனிச் செய்யப்படாது என்பதால், இருப்பதைத் தேய்க்காமல் வைத்திருப்பது ஒன்றே வழி.

கடைசியாக, கை வைப்பவருக்கு. ஆர்கேட் மொனிட்டர்கள் பலவற்றின் சேசிஸ் நேரே மெயின்ஸோடு இணைந்தது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபோமர் இல்லாமல் அதை எரியவிடவே கூடாது. டியூபில் தேங்கிய அழுத்தத்தை இறக்கும்போது கம்பியின் மறுமுனை டியூபைச் சுற்றியுள்ள பின்னல் வயரில் இருக்க வேண்டும், போர்டில் அல்ல. எந்தப் பிரிசெட்டையும் தொடுமுன் அதன் நிலையை நகப்பூச்சால் குறித்துக்கொள்ள வேண்டும். மூடியை மாட்டுமுன் அதன் உட்பக்கத்தில் அளந்த பி-பிளஸ், அப்போதைய மெயின்ஸ் வோல்டேஜ், பெட்டி பார்த்த திசை, திகதி நான்கையும் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்துத் திறப்பவர் எது பழுது, எது இடமாற்றத்தால் வந்தது என்று ஐந்து நிமிடத்தில் பிரித்தறிவார்.