ஷூவுக்கு முன்னால் பாதை

1932 ஜூன் மாதம். வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கெஸ்விக் என்ற சிற்றூர். அங்கே விருந்தினர் விடுதி நடத்திவந்த பாப் கிரகாம், 42 மலையுச்சிகளை ஒரே நாளுக்குள் தொட்டுவிட்டு ஊர் திரும்பினார். சுமார் 106 கிலோமீட்டர் தூரம், 8,200 மீட்டர் ஏற்றம். எடுத்துக்கொண்ட நேரம் 23 மணி 39 நிமிடம். காலில் இருந்தது, பள்ளிப் பிள்ளைகள் உடற்பயிற்சி வகுப்புக்குப் போட்டுக்கொள்ளும் சாதாரண கேன்வாஸ் ஷூ. வழியில் சாப்பிட்டது ரொட்டியும் வெண்ணெயும், அவித்த முட்டை, பழம், மிட்டாய்.

அந்த மலைகளை அவர் முன்கூட்டியே நடந்து நடந்து பழகியிருந்தார். ஷூ தேய்ந்துவிடக் கூடாதென்று அந்த ஒத்திகை நடைகளை வெறுங்காலோடு நடந்தார் என்றும் சொல்வார்கள். எந்தச் சரிவில் இறங்கினால் நேரம் மிச்சமாகும், எந்தச் சதுப்பைச் சுற்றிப்போக வேண்டும், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பதெல்லாம் கிளம்பும்போதே அவர் மனதில் இருந்தன. அடுத்த 28 ஆண்டுகளுக்கு இன்னொருவரால் அந்தச் சுற்றை 24 மணி நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. 1960-ல்தான் ஆலன் ஹீட்டன் முடித்தார்.

முதலில் பாதை, பிறகுதான் ஷூ. மலைப்பாதை ஓட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள். முதலில் ஷூ வாங்குகிறார்கள். பிறகு சாக்ஸ். எங்கே ஓடப்போகிறோம் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. ஓடப்போகும் தரை எப்படிப்பட்டது என்று தெரியாமல் ஷூ வாங்குவது, அளவெடுக்காமல் சட்டை தைக்கக் கொடுப்பது போன்றது. விலை எவ்வளவு உயர்ந்தாலும் அது பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கிரகாமின் ஒரே சுற்றுக்குள் எத்தனை வகைத் தரை! ஸ்கிடா மலையில் காலடியில் நொறுங்கும் கற்பலகைச் சில்லுகள். கிரேட் கால்வாவைத் தாண்டினால் முழங்காலை உரசும் ஹெதர் புதர், அதன் அடியில் சதுப்பு. ஹெல்வெலின் தொடரில் ஓடுவதற்கென்றே விரித்துவைத்த மாதிரி குட்டைப் புல். இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையான ஸ்காஃபெல் பைக்கை (978 மீட்டர்) நெருங்கும்போது பெரிய பெரிய பாறைத் துண்டுகளின் குவியல். அங்கே ஓட்டம் பாறைக்குப் பாறை தாவுவதாக மாறிவிடும். இன்று இந்தச் சுற்றுக்குப் போகிறவர்கள் அதை ஐந்து பகுதிகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். சாலை குறுக்கிடும் இடங்களில் துணைக்கு வந்த நண்பர்கள் காத்திருப்பார்கள். அங்கே ஷூவையும் சாக்ஸையும் மாற்றிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நிறைய.

எல்லாத் தரைக்கும் ஒரே ஷூ என்று யாராவது விற்றால், அது எல்லாத் தரையிலும் சுமாராக மட்டுமே நிற்கும்.

மலைக்காலணியின் அடிப்பாகம் இன்றைய வடிவத்துக்கு வந்ததன் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1935-ல் இத்தாலிய ஆல்ப்ஸில் புன்டா ரசிகா என்ற சிகரத்தில் புயலில் சிக்கி ஆறு பேர் இறந்தார்கள். விடாலே பிரமானி என்ற மலையேற்ற வழிகாட்டியின் தோழர்கள் அவர்கள். அக்காலத்தில் அடிவாரம் வரை ஆணி அடித்த கனமான பூட்ஸ், பாறை ஏற மெல்லிய அடி கொண்ட ஷூ என்று இரண்டு வைத்திருப்பார்கள். அந்த மெல்லிய ஷூ குளிரையும் தாங்காது, பனியில் பிடிமானமும் தராது. பிரமானி, பிரெல்லி டயர் நிறுவனத்தின் உதவியோடு, கெட்டியான பற்கள் கொண்ட ரப்பர் அடியை 1937-ல் கொண்டுவந்தார். அவருடைய பெயரையும் குடும்பப் பெயரையும் சுருக்கி இணைத்ததுதான் விப்ரம். 1954-ல் கே-2 சிகரத்தை முதன்முதலில் எட்டிய இத்தாலியக் குழுவின் காலணிகளிலும் அந்த ரப்பர்தான் இருந்தது.

ஓட்டக்காரர்கள் லக் என்று சொல்லும் அந்தப் பற்களைத்தான் ஷூவைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பார்க்க வேண்டும். சேறும் ஈரப்புல்லும் உள்ள பாதைக்கு 5, 6 மில்லிமீட்டர் ஆழமுள்ள பற்கள் தேவை. அவையும் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் இடுக்கில் சேறு அப்பிக்கொண்டு, பத்து நிமிடத்தில் அடிப்பாகம் மொட்டையாகிவிடும். கெட்டித்தரைக்கும் பாறைக்கும் 3, 4 மில்லிமீட்டர் போதும். உயரமான பற்கள் பாறையில் வளைந்துகொடுக்கும், தரையைத் தொடும் பரப்பும் குறையும். ரப்பரிலும் ஒரு பேரம் இருக்கிறது: மென்மையான ரப்பர் ஈரப்பாறையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும், கெட்டியான ரப்பர் நீண்ட நாள் உழைக்கும், பாசியில் கைவிட்டுவிடும்.

அடுத்தது, பாதத்துக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு மெத்தை என்பது. 2009-ல் பிரான்ஸின் அன்னெசி நகரில் நிக்கோலா மெர்மூ, ஜான்-லுக் தியார் என்ற இருவர் ஹோகா நிறுவனத்தைத் தொடங்கியபோது, மலையிலிருந்து வேகமாக இறங்கத்தான் அந்தத் தடித்த அடியை உருவாக்கினார்கள். நீண்ட இறக்கங்களில் தொடைக்கும் மூட்டுக்கும் அது பெரிய ஆறுதல். ஆனால் பாதம் தரையிலிருந்து உயர உயர, கல்லின் விளிம்பில் கால் மடங்கும்போது கணுக்கால் அதிகமாகத் திருகிக்கொள்ளும். கல் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் புதிதாக ஓடுகிறவருக்கு நடுத்தர உயரமே நல்லது. எடையும் சும்மா இல்லை. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால், ஓட உடல் செலவிடும் ஆற்றல் ஏறக்குறைய 1 சதவீதம் கூடும் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

இந்த இடத்தில் 1993-ம் ஆண்டின் லெட்வில் 100 மைல் ஓட்டம் நினைவுக்கு வராமல் போகாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 2,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் நடக்கும் பந்தயம் அது. மெக்சிகோவின் செப்புப் பள்ளத்தாக்கிலிருந்து வந்திருந்த ரராமுரி இன ஓட்டக்காரர்களில், விக்டோரியானோ சுரோ என்ற 55 வயது விவசாயி முதலில் வந்தார். காலில், பழைய டயரை வெட்டி வார் கோத்த செருப்பு. இதைச் சொல்லி ஷூவே தேவையில்லை என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். சுரோவின் கால், பிறந்ததிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கின் கல்லிலும் சரிவிலும் உருவான கால். அலுவலக நாற்காலியில் வளர்ந்த பாதம் ஒரே மாதத்தில் அதுபோல் ஆகிவிடாது. மெல்லிய அடிக்கு மாற விரும்புகிறவர்கள் வாரத்துக்குச் சில கிலோமீட்டர் என்று மிக மெதுவாகத்தான் மாற வேண்டும். இல்லாவிட்டால் பாதத்தின் சிறு எலும்புகளும் குதிகால் தசைநாணும் வலியில் பதில் சொல்லும்.

கடைக்கு மாலையில் போவது நல்லது. பகலெல்லாம் நின்று நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும்; நீண்ட ஓட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் சாக்ஸை எடுத்துப்போய், அதோடு சேர்த்தே ஷூவைப் போட்டுப் பார்க்க வேண்டும். கட்டைவிரலோ இரண்டாம் விரலோ, எது நீளமோ அதற்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பிறகு கடையில் படிக்கட்டு இருந்தால் வேகமாக இறங்கிப் பார்க்கலாம். விரல் நுனி முன்பக்கம் இடித்தால் அந்த ஷூ வேண்டாம். கடையில் இருமுறை இடித்தது மலையிறக்கத்தில் ஆயிரக்கணக்கான முறை இடிக்கும். நகத்தின் அடியில் ரத்தம் கட்டி, கறுத்து, சில வாரங்களில் நகமே கழன்று விழும்.

சரியான அளவு ஷூவிலும் பாதம் முன்னால் சறுக்கலாம். அதற்குத்தான் மேலே, கணுக்காலை ஒட்டி, பலரும் பயன்படுத்தாமல் விட்டுவிடும் அந்தக் கடைசி ஓட்டை. லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்துக் கடைசி ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே நுழைத்தால் ஒரு சிறு வளையம் கிடைக்கும். இரண்டு பக்கமும் வளையம் செய்து, இடது லேஸை வலது வளையத்திலும் வலது லேஸை இடது வளையத்திலும் கோத்து, கீழ்நோக்கி இழுத்துக் கட்ட வேண்டும். குதிகால் பின்பக்கம் ஒட்டி நிற்கும், விரல்கள் சுதந்திரமாக இருக்கும்.

தண்ணீர் புகாத ஷூ என்ற விளம்பரத்துக்கு மயங்குகிறவர்கள் ஓர் ஓடையைக் கடந்து பார்த்தால் தெளிவு வந்துவிடும். கணுக்கால் வழியே உள்ளே போன தண்ணீர், வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். வலைத்துணி ஷூ நனையும், ஆனால் சில நிமிட ஓட்டத்தில் தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்றிவிடும். நம் ஊர் வெப்பத்துக்கும் அதுவே ஏற்றது.

ஈரம் என்றதும் சாக்ஸ் வந்துவிடுகிறது. பலரும் ஷூவுக்கு ஆயிரங்களைக் கொடுத்துவிட்டு, சாக்ஸை அலமாரியில் கிடப்பதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். கொப்புளம் தோலின் மேற்பரப்புத் தேய்வதால் மட்டும் வருவதில்லை. சாக்ஸோடு ஒட்டிக்கொண்ட மேல்தோல் நின்றுவிட, உள்ளே எலும்பு ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. நடுவிலுள்ள தோலடுக்குகள் இழுபட்டுக் கிழிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. ஈரத்தோல் அதிகமாக ஒட்டும். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி விடாமல் வைத்திருக்கும். அதனால்தான் அலுவலகத்துக்கு அருமையான பருத்தி, மலைக்கு ஆகாது. நைலான், பாலியஸ்டர் கலவைகள் சீக்கிரம் உலரும். மெரினோ ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கினாலும் தோலுக்கு நனைந்த உணர்வு தராது, நாற்றமும் குறைவு. விலைதான் கையைக் கடிக்கும். விரல்களுக்கு நடுவே கொப்புளம் வருகிறவர்களுக்கு, கையுறைபோல் விரல்விரலாகப் பிரிந்த சாக்ஸ் நல்ல தீர்வு.

வழக்கமாகக் கொப்புளம் வரும் இடம் தெரிந்தால், ஓடுவதற்கு முன்பே அங்கே ஒட்டிவிடலாம். மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் காகித டேப் போதும். பல நாள் அல்ட்ரா மாரத்தான் ஓடியவர்களிடம் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்திருந்தது.

இனி நம் மலைகள். ஜவ்வாது, ஏலகிரி, கொல்லிமலைப் பக்கம் கெட்டி மண்ணின் மேல் உருளும் சரளையும் முள்ளும்தான் ஓடுகிறவரைச் சோதிக்கும். அங்கே குட்டையான பற்களும், முள்ளும் கூர்க்கல்லும் குத்தாமல் தடுக்கும் மெல்லிய தகடு உள்ளே வைத்த அடியும் உதவும். நாயுருவியும் ஒட்டுப்புல்லும் சாக்ஸில் ஏறிக்கொண்டால் ஒவ்வொரு அடியும் ஊசியாகிவிடும். கணுக்காலை மூடும் வழுவழுப்பான துணியுறை அதைத் தடுக்கும். சஹாரா பாலைவனத்தில் 1986 முதல் நடக்கும் மாரத்தான் டே சாப்லேவில் மணல் புகாமலிருக்க ஷூவைச் சுற்றியே இப்படி உறை தைத்துக்கொள்கிறார்கள். வால்பாறையிலும் நீலகிரியிலும் மழைக்காலத்தில் சேறும் அட்டையும். அங்கே ஆழமான பற்கள் வேண்டும். நெருக்கமாக நெய்த அட்டை சாக்ஸ் நடப்பவர்களுக்குச் சரி, ஓடுகிறவர்களுக்குப் புழுக்கமாக இருக்கும்.

ஆனால் நம் மலைகளில் பாதையைத் தேர்ந்தெடுப்பது தரையோடு முடிவதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல் சரிவில், மார்ச் மாதக் காற்றில், தீயை முந்தி ஓட எந்தக் காலாலும் முடியாது. வனத்துறை அனுமதியில்லாத காட்டுப்பாதையில் ஓடுவதைத் துணிச்சலாகப் பேசுவது தவறு. யானை நடமாட்டமும் தீ அபாயமும் அந்தப் பகுதி வனப் பணியாளர்களுக்குத்தான் தெரியும். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. அவை நடப்பதற்கானவை என்றாலும், ஒரு மலையைத் தெரிந்துகொள்ள நல்ல வாசல். பயிற்சிக்குக் காப்புக்காட்டுக்கு வெளியே உள்ள கிராமத்து மண்பாதைகளும் தோட்டப் பாதைகளும் ஏராளம். தோட்டப் பாதையென்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓடலாம்.

பாதை முடிவானதும் தூரத்தை மட்டும் பார்த்து நேரம் போடக் கூடாது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் வகுத்த கணக்கு இன்றும் உதவுகிறது. நடப்பவருக்கு 3 மைலுக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். அதாவது 1 மீட்டர் ஏற்றம், சமதரையில் ஏறக்குறைய 8 மீட்டருக்குச் சமம். 600 மீட்டர் ஏற்றமுள்ள 10 கிலோமீட்டர் பாதை, உடலுக்குக் கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். தண்ணீரையும் வெயிலையும் அந்தப் பதினைந்துக்குத்தான் திட்டமிட வேண்டும். புதிய மலையில் முதல்முறை ஓடுகிறவருக்கு, வட்டமடித்து வரும் பாதையைவிடப் போன வழியே திரும்பும் பாதை பாதுகாப்பானது: களைப்போடு திரும்பும்போது காலடியில் வருவது ஏற்கெனவே பார்த்த கற்கள், எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கீழே, தெளிந்த மூளையோடு இருக்கும்போதே முடிவுசெய்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த நேரம் வந்தால், உச்சி கண்ணெதிரே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.