பழுது என்னுடையது

கடைக்காரரிடம் நான் சொன்னது பொய். பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டிய நிமிஷமே என்ஜின் நொண்டியது என்று சொல்லித்தான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். உண்மையில் பெட்டியிலிருந்து எடுத்ததும் நான் அதை ஓட்டிப் பார்க்கவே இல்லை. நன்றாக இருந்ததை நொண்டியாக்கியது என் கை. அதற்குப் பதிலாகப் புத்தம்புது என்ஜின் ஒன்றை வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பொம்மை ரயிலுக்கு வாக்குமூலமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். பொம்மைதான். ஆனால் அந்தப் பொய்யால் இரண்டு பேர் நஷ்டப்பட்டார்கள், இரண்டு பேருமே என்னைவிட வயதில் சின்னவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வட இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரில் ஒரு மாடல் ரயில் சங்கம் இருக்கிறது. புதிதாக ஒரு மாடல் வெளியானால் அதை முதலில் வாங்கி, அளந்து, ஓட்டி, நிறைகுறை சொல்வது பல ஆண்டுகளாக என் வேலை. யாரும் கொடுத்த பதவியில்லை, நானே எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரர்கள் நிறைந்த கூடத்தில், அவர்களுடைய என்ஜின்களைப் பற்றி அவர்களைவிட அதிகம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. அந்த ருசி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், அதை விளக்கி அனுதாபம் தேட விரும்பவில்லை. நிறை சொன்னால் யாரும் குறிப்பெடுப்பதில்லை, குறை சொன்னால் பேனாவை எடுக்கிறார்கள் என்பதை வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டேன் என்பது மட்டும் போதும்.

நான் பொய் சொன்ன அந்த முறை வந்தது 'பிளாக் ஃபைவ்'. லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேக்காக வில்லியம் ஸ்டேனியர் வடிவமைத்த கறுப்பு என்ஜின். 1934-ல் தொடங்கி 1951 வரை கட்டினார்கள்; மொத்தம் 842. முன்னால் நாலு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் எதுவும் இல்லை. பெரிய சக்கரத்தின் விட்டம் 6 அடி. அதைவிடப் பெரிதாக இருந்தால் சரக்கு இழுக்கச் சிரமம், சின்னதாக இருந்தால் எக்ஸ்பிரஸுக்கு ஆகாது. இந்த அளவு இரண்டுக்கும் ஒத்துப்போனது. காலையில் மீன் வண்டி, மாலையில் பயணிகள் வண்டி என்று எதைக் கட்டினாலும் இழுத்தது. ராணிக்குரிய அழகு கிடையாது. வேலைக்காரி அழகு. எனக்கு எப்போதுமே அதுதான் பிடிக்கும்.

இத்தனை எண்ணிக்கையில் கட்டினால் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. முதலில் வந்தவற்றில் கொதிகலனுக்கு மேல் டோம் இல்லை, பிறகு வந்தவற்றில் உண்டு. நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றிப் பின்னால் வரும் டெண்டரில் சிலவற்றுக்கு ரிவெட் தலைகள் வரிசையாகத் தெரியும், சிலவற்றில் வெல்டிங் செய்து வழவழவென்று இருக்கும். 22 என்ஜின்களுக்குக் கப்ராட்டி வால்வு. 44767 என்ற ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வெளிப்பக்கம் ஸ்டீபன்சன் வால்வு அமைப்பு. குறை கண்டுபிடிக்கிறவனுக்கு இதைவிட நல்ல விளைநிலம் கிடையாது. எந்த எண்ணை அச்சடித்தாலும், 'அந்த எண்ணுக்கு அந்த வருஷத்தில் அந்த டெண்டரா?' என்று கேட்டுவிடலாம். கேட்டேன், பலமுறை. அதில் ஒரு முறை நான் கையில் வைத்திருந்த வரைபடம் வேறொரு தொகுதி என்ஜினுக்கு உரியது. தண்ணீர் ஊட்டும் டாப் ஃபீட் தவறான இடத்தில் இருப்பதாகக் கூட்டத்தில் அடித்துச் சொன்னேன். தயாரிப்பாளர் வைத்த இடம்தான் சரி. தெரிந்த பிறகும் நான் திருத்திச் சொல்லவில்லை. பெரிய பொய்க்கு முன் நடந்த சின்ன ஒத்திகை அது.

இந்தப் பொழுதுபோக்கின் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நாங்கள் பயன்படுத்தும் 'டபுள் ஓ' அளவில் நிஜத்தில் ஓர் அடி என்பது மாடலில் 4 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் 6 அடிச் சக்கரம் 24 மில்லிமீட்டராக வரும், சரி. ஆனால் பிரிட்டிஷ் ரயில்பாதையின் 4 அடி 8½ அங்குல அகலம் 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நாங்கள் ஓட்டும் பாதையோ 16.5. அந்தக் காலத்து மோட்டார் பிரிட்டிஷ் என்ஜினின் ஒடுங்கிய உடலுக்குள் அடங்கவில்லை என்பதற்காகப் பாதையை அப்படியே விட்டு உடலை மட்டும் பெரிதாக்கினார்கள். ஆக, எங்கள் என்ஜின்கள் எல்லாமே ஒடுங்கிய பாதையில்தான் ஓடுகின்றன. இந்த இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பிழையை முழுசாக விழுங்கிவிட்டு, கைப்பிடிக் கம்பி கால் மில்லிமீட்டர் தடிமன் என்று நான் முகம் சுளிப்பேன்.

புது மாடலை 44781 ஆக மாற்றுவதென்று முன்பே முடிவு செய்திருந்தேன். 1968 ஆகஸ்ட் 11 அன்று பிரிட்டிஷ் ரயில் பிரதானப் பாதைகளில் தன் கடைசி நீராவிப் பயணி வண்டியை ஓட்டியது. டிக்கெட் 15 கினி, அதனால் அந்த வண்டிக்கே அந்தப் பெயர். லிவர்பூலிலிருந்து மான்செஸ்டருக்கு 45110, அங்கிருந்து கார்லைலுக்கு 'ஆலிவர் க்ராம்வெல்', கார்லைலிலிருந்து மான்செஸ்டருக்குத் திரும்பும்போது 44871-ம் 44781-ம் சேர்ந்து. நாலில் மூன்று இன்றைக்கும் இருக்கின்றன. 44781 மட்டும் இல்லை. மலாயாவில் நடக்கும் 'தி வர்ஜின் சோல்ஜர்ஸ்' படத்துக்காக இங்கிலாந்திலேயே அதைத் தடம் புரளவைத்துப் படம் பிடித்தார்கள். பிறகு இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். பிழைக்காத அந்த ஒன்றை என் மேஜையில் ஓட்ட வேண்டும் என்பது ஆசை. எண் பலகைகூட வாங்கிவைத்திருந்தேன்.

புது என்ஜின் வந்தால் முதலில் செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரியும். வட்டப் பாதையில் வைத்து, மிதமான வேகத்தில், முன்னுக்கு அரை மணி பின்னுக்கு அரை மணி ஓடவிட வேண்டும். கியரில் பூசிய கிரீஸ் பரவும், இணைப்புத் தண்டுகள் தங்கள் இடத்தில் உட்காரும். அதற்குப் பிறகுதான் திருப்புளி. இதைப் புதியவர்களுக்கு வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்றைக்கு எனக்குப் பொறுமையில்லை. மறுநாள் கூட்டம். என்ஜினைக் கவிழ்த்துப் போட்டு அளக்கத் தொடங்கினேன்.

சக்கரங்களின் உள்முகத்துக்கும் உள்முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி 14.4 மில்லிமீட்டர் இருந்தது. என் கணக்கில் 14.5 இருக்க வேண்டும். 14.4 என்பது குறையே இல்லை. கடையில் வாங்கும் எந்தப் பாதையிலும் தடங்கலின்றி ஓடும். நான் கையால் போட்ட கிளைப்பாதையின் வெட்டுமுனைகளில் இடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட்டிப் பார்த்திருந்தால் இடிக்காது என்று அப்போதே தெரிந்திருக்கும். கூட்டத்தில் சொல்ல ஒரு குறை, அதைத் திருத்திய பெருமை, இரண்டும் வேண்டும். முன்பக்கப் பெரிய சக்கரத்தை அச்சிலிருந்து கொஞ்சம் வெளியே இழுக்கப் பார்த்தேன். அதற்கென்று கருவி உண்டு, அலமாரியில்தான் இருந்தது. எழுந்துபோகச் சோம்பல். விரலால் பிடித்து முறுக்கி இழுத்தேன்.

நீராவி என்ஜினில் இடப்பக்கத்துச் சக்கரமும் வலப்பக்கத்துச் சக்கரமும் ஒரே நிலையில் சுற்றுவதில்லை. தண்டு பூட்டும் முளை ஒரு பக்கத்தில் மேலே இருந்தால் மறுபக்கத்தில் கால் சுற்று தள்ளி இருக்கும். ஒரு பக்கத்துப் பிஸ்டன் வலுவிழக்கும் இடத்தில் மறுபக்கம் தள்ளிவிட வேண்டும் என்பதற்காக அப்படி. மாடலுக்கும் அதே அமைப்புதான். மூன்று அச்சிலும் அந்தக் கால் சுற்று ஒரே அளவில் இருந்தால்தான் தண்டுகள் தடையில்லாமல் சுற்றும். ஓர் அச்சில் சில பாகை பிசகினால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் பிடிக்கும். நான் முறுக்கியது அந்தச் சில பாகை. பிறகு பாதையில் வைத்து கன்ட்ரோலரைத் திருப்பினால், மெதுவான வேகத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை விக்கிக்கொண்டே போயிற்று. திருப்பி முறுக்கினேன், இன்னும் மோசமானது. அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்த பிடிப்பும் தளர்ந்துவிட்டது. சக்கரத்தைப் பழைய இடத்துக்குத் தள்ளி, அடிமூடியை மாட்டி, திருகாணித் தலையில் விழுந்த கீறலைக் கறுப்புப் பெயிண்ட் தொட்டு மறைத்தேன். மறைத்தபோதே அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பதற்றத்தில் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை.

மறுநாள் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஓட்டிக் காட்டினேன். என்ஜின் விக்கியது. "இந்த விலைக்கு இப்படியா?" என்றேன். பேனாக்கள் வெளியே வந்தன. அந்த வாரமே கடைக்குப் போனேன். பழைய வாடிக்கையாளன் என்பதால் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை. வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்.

புதியது வெண்ணெயில் கத்தி போனதுபோல் ஓடியது. அதன் இடைவெளியும் 14.4தான். என் கிளைப்பாதையின் ஒவ்வொரு வெட்டுமுனையிலும் போய் வந்தது, எங்கும் இடிக்கவில்லை. சங்கத்தில் கேட்டபோது, "இந்தத் தடவை அதிர்ஷ்டம். தரம் ஒரே சீராக இல்லை" என்றேன். முதல் பொய்க்கு முட்டுக்கொடுக்க இரண்டாவது.

சங்கத்தில் நம் பையன் ஒருவன் இருக்கிறான். பள்ளி முடிக்கும் வயது. சனிக்கிழமை வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் இதே மாடலுக்குச் சொல்லி வைத்திருந்தான். என் பேச்சைக் கேட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எவரோ கைவிட்ட பழைய பிளாக் ஃபைவ் ஒன்றை வாங்கினான். டெண்டரில் மோட்டார் உள்ள பழைய ரகம். அது அரைக்கிற சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும். "அங்கிள், நீங்க சொன்னதாலதான் தப்பிச்சேன். இல்லன்னா காசு போயிருக்கும்" என்று என்னிடமே நன்றி சொன்னான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அந்தப் பழைய மோட்டாருக்கு எண்ணெய் போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் பொய்யால் நஷ்டப்பட்ட இன்னொருவர், கடையில் பகுதிநேரமாக வேலை பார்க்கும் இளைஞர். நான் கொடுத்த என்ஜினைக் கடைக்காரர் தயாரிப்பாளருக்கு அனுப்ப, சக்கரத்தை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள் என்று திரும்பி வந்தது. கடைக்காரர் என்னைச் சந்தேகப்படவில்லை. விற்பதற்கு முன் கடையில் சோதித்துப் பார்க்கும்போது தன் ஆள்தான் ஏதோ குடைந்துவிட்டார் என்று நினைத்தார். அந்த இளைஞரைக் கடிந்துகொண்டதையும், இனி பெட்டிகளைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதையும் என்னிடமே வருத்தமாகச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு ஒரு பெயிண்ட் டப்பா வாங்கிக்கொண்டு வந்தேன். இந்தக் கதையில் என்னால் சீரணிக்க முடியாத இடம் எது என்றால், அந்தத் தலையாட்டல்தான். என்ஜினைக் கெடுத்தது அவசரம். கடையில் சொன்ன பொய் கௌரவம். தலையாட்டியதற்குப் பெயர் கோழைத்தனம்.

பிறகு போய்ச் சொன்னேன். உடனே போகவில்லை, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுத்தான் போனேன். முழு விலையையும் கொடுத்தேன். கடைக்காரர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த இளைஞரிடம் என்னை நேரில் பேசச் சொன்னார், பேசினேன். அவர் மன்னித்தாரா என்பது அவர் விஷயம். சங்கத்தில் அடுத்த கூட்டத்தில் எழுந்து சொன்னேன். நம் பையன் முன்வரிசையில் இருந்தான். கடையிலிருந்து நான் மீட்டுக்கொண்ட அந்த நொண்டி என்ஜினுக்குப் புதுச் சக்கரத் தொகுதி போட்டு, இந்த முறை உரிய கருவியால் கோணம் வைத்துப் பூட்டி, அவனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்டு வாங்குவதில்லை. தானே ஓட்டிப் பார்த்து முடிவு செய்கிறான். மதிப்பீடு சொல்லும் வேலையையும் விட்டுவிட்டேன்.

கடைசியாகச் சொல்ல வேண்டிய மதிப்பீடு ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த பிளாக் ஃபைவ் நல்ல மாடல். மெதுவான வேகத்தில் சீராக ஊர்கிறது. உடலின் அளவுகள் சரி, டாப் ஃபீட்டும் சரியான இடத்தில்தான் இருக்கிறது. முன்பக்கச் சின்னச் சக்கரங்களின் மேல் கொஞ்சம் ஈயம் வைத்தால் கூர்மையான வளைவில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். என்ஜினுக்கும் டெண்டருக்கும் நடுவே இடைவெளி சற்று அதிகம், இணைப்பில் இருக்கும் இரண்டாவது துளையில் மாட்டினால் குறைந்துவிடும். சக்கரங்களைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. என் பேச்சைக் கேட்டு வேண்டாம் என்று விட்டவர்கள் யாராவது இருந்தால், தாராளமாக வாங்குங்கள்.