செயின்ட் பாங்க்ரஸ்: பீர்க் கிடங்கு காப்பாற்றிய ரயில் நிலையம்

லண்டனிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் போகிறவர்கள் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்துக்குள் நுழைந்ததும் ரயிலைப் பார்ப்பதில்லை. தெரு மட்டத்தில், தாழ்ந்த கூரைக்கு அடியில், வார்ப்பிரும்புத் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கும் ஒரு தளத்தில்தான் அவர்கள் பயணம் தொடங்குகிறது. அங்கே பையைச் சோதனைக்குக் கொடுத்து, கடவுச்சீட்டைக் காட்டி, அழைப்பு வரும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். அழைப்பு வந்து மேலே ஏறியதும் காட்சி அடியோடு மாறிவிடுகிறது. வெளிர் நீல இரும்பு வளைவுகள் ஒரு பக்கச் சுவரின் அடியில் கிளம்பி, சுமார் 30 மீட்டர் உயரத்தில் கூம்பி, மறுபக்கச் சுவரின் அடியில் வந்து இறங்குகின்றன. இடையில் ஒரு தூண்கூட இல்லை.

நிமிர்ந்து பார்த்து வியக்கும் எவருக்கும், சற்று முன் உட்கார்ந்திருந்த அந்தக் கீழ்த்தளம் நினைவில் இருக்காது. ஆனால் இந்தக் கூரை இப்படி எழுந்ததற்கும், 140 ஆண்டுகள் கழித்து இந்த நிலையம் மறுபடி உயிர்பெற்றதற்கும் காரணம் அந்தக் கீழ்த்தளம்தான். அது பீர்ப் பீப்பாய்களை அடுக்கி வைப்பதற்காகக் கட்டப்பட்டது.

மிட்லண்ட் ரயில்வே என்ற நிறுவனத்துக்குத் தலைமையிடம் டார்பி நகரம். லண்டனுக்குள் அதற்குச் சொந்தப் பாதை கிடையாது. கிரேட் நார்தர்ன் நிறுவனத்தின் தண்டவாளத்தில் கட்டணம் செலுத்தி கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. 1862-ல் லண்டனில் சர்வதேசப் பொருட்காட்சி நடந்தபோது கூட்டம் பெருகியது. அடுத்தவர் பாதையில் மிட்லண்டின் வண்டிகள் வழி கிடைக்காமல் காத்துக் கிடந்தன. அதற்குப் பிறகுதான் சொந்தப் பாதையும் சொந்த நிலையமும் வேண்டும் என்று முடிவானது. கிங்ஸ் கிராஸுக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்தார்கள். அங்கிருந்த ஏழைகளின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன.

வடக்கிலிருந்து வரும் எந்தப் பாதையும் அங்கே ரீஜண்ட் கால்வாயைக் கடந்தாக வேண்டும். கிங்ஸ் கிராஸுக்கு வரும் பாதை கால்வாய்க்கு அடியில் சுரங்கமாகப் போகிறது. மிட்லண்டின் பொறியாளர் வில்லியம் ஹென்றி பார்லோ மேலே பாலம் போட்டுக் கடந்தார். கால்வாய்க்கும் நிலையத்துக்கும் இடையே தூரம் குறைவு; ரயில் சரிவில் கீழே இறங்க இடமில்லை. ஆகவே நடைமேடைகள் தெருவைவிட ஒரு மாடி உயரத்தில் அமைந்தன.

அந்த உயரத்துக்கு அடியில் என்ன செய்வது? பாதையின் வேறு இடங்களில் சுரங்கம் தோண்டிய மண்ணைக் கொட்டி நிரப்பிவிடலாம் என்பதுதான் முதல் யோசனை. ஆனால் மிட்லண்டின் முக்கியமான சரக்குகளில் ஒன்று, பர்ட்டன் ஊரில் வடித்த பீர். லண்டனில் அதை இறக்கி வைக்கக் குளிர்ச்சியான பெரிய இடம் தேவைப்பட்டது. மண் நிரப்பும் யோசனை கைவிடப்பட்டது. நூற்றுக்கணக்கான வார்ப்பிரும்புத் தூண்களை நட்டு, அவற்றின் மேல் இரும்பு உத்திரங்களைப் போட்டு, அதற்கும் மேல் தண்டவாளத்தைத் தாங்கும் தரையை அமைத்தார் பார்லோ. தூணுக்கும் தூணுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதைப் பீர்ப் பீப்பாயின் அளவே தீர்மானித்தது. பீர் ஏற்றிவந்த சரக்குப் பெட்டிகளை நீரழுத்தத்தில் இயங்கும் தூக்கி ஒன்று மேல்தளத்திலிருந்து கீழே இறக்கியது.

கூரையின் கதை இங்கேதான் தொடங்குகிறது. வழக்கம்போல நடைமேடைகளுக்கு நடுவே தூண் நிறுத்திக் கூரையைத் தாங்கினால், அந்தத் தூண்களின் பாரம் கிடங்குக்குள் இறங்கும். அதற்குக் கனமான அஸ்திவாரங்கள் போட வேண்டும். கிடங்கின் சீரான அமைப்பும் குலையும். நடுவில் தூணே இல்லாமல் ஒரே வளைவாகப் போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அத்தனை பெரிய வளைவு தன் கால்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலைத் தடுக்க, இரண்டு கால்களையும் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் கட்டு ஒன்று வேண்டும். அந்தக் கட்டும் ஏற்கெனவே தயாராக இருந்தது. கிடங்கின் மேல் பாவிய இரும்பு உத்திரங்கள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஓடின. வில்லின் இரு முனைகளையும் நாண் பிடித்து நிறுத்துவதுபோல, பயணிகள் நடக்கும் தரையே கூரை வளைவை விரியாமல் பிடித்துக்கொண்டது.

ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்ற பொறியாளரின் துணையோடு பார்லோ வடிவமைத்த அந்த வளைவின் அகலம் ஏறக்குறைய 74 மீட்டர். கூடத்தின் நீளம் 210 மீட்டர். இரும்பு வேலையைச் செய்தது டார்பிஷயரின் பட்டர்லி நிறுவனம். 1868 அக்டோபர் 1-ம் தேதி நிலையம் திறக்கப்பட்டபோது, ஒரே வளைவின் கீழ் அடைபட்ட கூடங்களில் உலகிலேயே பெரியது இதுதான்.

நிலையத்தின் முகப்பில் ஒரு ஓட்டல் எழுந்தது. ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வரைந்த அந்தச் செங்கல் கட்டடம், கோபுரங்களும் கூர்முனைச் சாளரங்களுமாக, நடுக்கால ஐரோப்பியத் தேவாலயங்களை நினைவூட்டும். மிட்லண்ட் கிராண்ட் ஓட்டல் என்ற பெயரில் 1873-ல் திறக்கப்பட்டது. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அறைக்கு அறை குளியலறை வைக்கும் பழக்கம் அப்போது வந்திருக்கவில்லை. பின்னாளில் குழாய்கள் பதிக்கத் தீப்பிடிக்காத கனத்த தரைகள் இடம் கொடுக்கவில்லை. காலத்துக்கு ஈடுகொடுக்க முடியாத ஓட்டல் 1935-ல் மூடப்பட்டு, ரயில்வே அலுவலகமாயிற்று. இரண்டாம் உலகப் போரில் நிலையத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. கண்ணாடிகள் போயின, இரும்பில் துரு ஏறியது. சரக்கு லாரிகளுக்கு மாறியதும் கிடங்குக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

1960-களில் பிரிட்டனின் ரயில்வே நிர்வாகத்துக்கு இதுபோன்ற நிலையங்கள் பாரமாகத் தெரிந்தன. பக்கத்திலிருந்த யூஸ்டன் நிலையத்தின் பிரம்மாண்டமான கல் வளைவு, எத்தனையோ பேர் மன்றாடியும் 1961-62-ல் இடிக்கப்பட்டது. அடுத்து செயின்ட் பாங்க்ரஸ். 1966-ல் அதையும் கிங்ஸ் கிராஸையும் ஒன்றாக்கும் திட்டம் வெளிவந்தது. யூஸ்டனுக்காகப் போராடித் தோற்றிருந்த கவிஞர் ஜான் பெட்ஜமன் மறுபடி எழுதினார், பேசினார். கட்டடக்கலை வரலாற்றாசிரியர் நிகோலஸ் பெவ்ஸ்னரும் விக்டோரியன் சொசைட்டியும் களத்தில் நின்றார்கள். 1967 நவம்பரில் நிலையமும் ஓட்டலும் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இனி நினைத்தபடி அதை இடிக்க முடியாது.

இந்த வெற்றியின் தன்மையை இன்று நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த நிலையத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு 1967-ல் யாரிடமும் பதில் இல்லை. ஆங்கிலக் கால்வாய்க் கடலுக்கு அடியில் பிரான்சுக்குச் சுரங்க ரயில் ஓடும் என்பது அன்று வெறும் பேச்சு. காப்பாற்றியவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: இப்படிப்பட்ட கட்டடத்தை இனி யாராலும் கட்ட முடியாது, ஆகவே இடிக்காதீர்கள். பயன் தெரியாத நிலையில் ஒன்றைக் காப்பாற்றுவது கடினமான காரியம். இதனால் என்ன லாபம் என்ற கேள்வி வரும். எதிர்க்கணக்குக் காட்ட முடியாது. அவர்கள் அந்தக் கேள்விக்குப் பணியாமல் நின்றார்கள். அதன் பிறகும் பல ஆண்டுகள் நிலையம் பாதி உறக்கத்தில் கிடந்தது. ஓட்டல் கட்டடம் 1980-களில் அலுவலகமாகவும் இல்லாமல் பூட்டப்பட்டது.

1994-ல் கடலடிச் சுரங்கம் திறக்கப்பட்டு, யூரோஸ்டார் ரயில்கள் லண்டனின் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ஓடத் தொடங்கின. பிரான்சில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்த வண்டி, இங்கிலாந்துக்குள் வந்ததும் பழைய புறநகர்ப் பாதையில் ஊர்ந்தது. புதிய அதிவேகப் பாதை தேவைப்பட்டது. கிங்ஸ் கிராஸுக்கு அடியில் பாதாள நிலையம் கட்டலாம் என்று முதலில் திட்டமிட்டார்கள். செலவும் எதிர்ப்பும் பெருகவே அது கைவிடப்பட்டது. கிழக்கு லண்டன் வழியாக வந்து செயின்ட் பாங்க்ரஸில் முடியும் பாதைக்கு 1996-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் ரயிலுக்கு, விமான நிலையத்தில் இருப்பதுபோல் சோதனைக் கூடமும் காத்திருப்புக் கூடமும் வேண்டும். இவற்றைப் பார்லோவின் கூரைக்கு அடியில், நடைமேடைகளின் மேல் கட்டியிருந்தால், அந்தப் பெருவெளி சின்னச் சின்ன அறைகளாகச் சிதைந்திருக்கும். கூரையைக் காப்பாற்றிவிட்டு அதன் அழகைக் கொன்றிருப்பார்கள். அலஸ்டர் லான்ஸ்லி தலைமையிலான கட்டடக் கலைஞர்கள் கண்டெடுத்த விடை, காலடியிலேயே இருந்தது. காலியாகக் கிடந்த பீர்க் கிடங்கு தெருவோடு ஒரே மட்டம். நிலையம் முழுக்கப் பரந்த இடம். சோதனை, காத்திருப்பு, கடைகள் எல்லாம் அங்கே போகட்டும். மேலே ரயிலும் கூரையும் மட்டும் இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

ஆனால் இருண்ட கிடங்குக்குள் வெளிச்சம் வர வேண்டும். மேலே ஏறிப்போக வழி வேண்டும். அதற்காக நடைமேடைத் தரையைப் பெரிய அளவில் வெட்டித் திறந்தார்கள். அந்தத் தரைதானே கூரையை இழுத்துப் பிடித்திருக்கிறது? நாணை அறுத்தால் வில் விரிந்துவிடும். எனவே திறப்புகளைச் சுற்றித் தரையைப் பலப்படுத்தி, இழுவிசை வேறு வழியே போகும்படி செய்த பிறகே வெட்ட முடிந்தது. 1868-ல் ஒரு பொறியாளர் எப்படி யோசித்தார் என்பதை முழுவதும் புரிந்துகொள்ளாமல் இதில் ஒரு வெட்டுக்கூடப் போட்டிருக்க முடியாது. பழுதுபார்ப்பு என்ற சொல்லின் முழு மதிப்பும் எனக்கு இந்த வேலையில்தான் தெரிகிறது. பாரம்பரியத்தைக் கையாளுகிறவர் பழைய வடிவத்தை அளந்தால் போதாது, அதற்குப் பின்னால் இருந்த காரணத்தையும் கற்றாக வேண்டும்.

யூரோஸ்டார் வண்டியின் நீளம் ஏறக்குறைய 400 மீட்டர். பழைய கூடமோ அதில் பாதிதான். வடக்குப் பக்கம் நடைமேடைகளை நீட்டி, அதன் மேல் தட்டையான கண்ணாடிக் கூரை போட்டார்கள். பார்லோவின் வளைவை நகலெடுக்க முயலவில்லை. பழையது எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்பது பார்த்தவுடன் தெரியும். இது நேர்மையான முடிவு. பழைய கூரைக்கோ புதிய கண்ணாடிகள் பதித்து, வேல்ஸ் நாட்டுப் பலகைக்கல் வேய்ந்தார்கள். இரும்புக்கு நிலையத்தின் தொடக்க காலத்து வெளிர் நீல நிறம் திரும்பியது.

கட்டடம் தவிர்த்த ஒரு கணக்கும் தீர்க்க வேண்டியிருந்தது. 1860-களில் பாதை போட்டபோது செயின்ட் பாங்க்ரஸ் பழைய தேவாலயத்தின் இடுகாட்டைத் தோண்டினார்கள். எலும்புகளை அப்புறப்படுத்தும் வேலையை மேற்பார்த்த இளைஞர் தாமஸ் ஹார்டி; பிற்காலத்தில் பெரும் நாவலாசிரியர் ஆனவர், அன்று கட்டடக் கலைஞர் ஒருவரிடம் உதவியாளர். 2000-களின் தொடக்கத்தில் நிலையத்தை நீட்டியபோது அதே இடுகாடு மறுபடி தோண்டப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி லண்டனில் இறந்த நார்போன் பேராயர் ஆர்தர் டில்லன் பீங்கான் பல்செட்டோடு அங்கே கிடைத்தார். பின்னர் அவர் உடல் நார்போனுக்கே கொண்டுசெல்லப்பட்டது. வேகத்துக்காக இறந்தவர்களை இரண்டு முறை எழுப்பிய இந்த வரலாறும் நிலையத்தின் வரலாறுதான். அதை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் பேசுவது நியாயமாகாது.

கூடத்தில் தொங்கும் பெரிய கடிகாரத்துக்கும் ஒரு கதை உண்டு. பழைய கடிகாரத்தை 1970-களில் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவருக்கு விற்றார்கள். கழற்றும்போது அது விழுந்து நொறுங்கியது. ரயில்வே ஊழியர் ஒருவர் அந்தத் துண்டுகளை 25 பவுண்டுக்கு வாங்கிப்போய், நாட்டிங்ஹாம்ஷயரில் தன் களஞ்சியச் சுவரில் ஒட்டிச் சேர்த்து ஓடவிட்டார். நிலையத்தைப் புதுப்பித்தபோது, முதல் கடிகாரத்தைச் செய்த அதே டென்ட் நிறுவனம் அவரிடமிருந்த கடிகாரத்தைப் பார்த்துத்தான் புதியதைச் செய்தது. குப்பையென்று தள்ளப்பட்டதை ஒருவர் எடுத்து வைத்திருக்காவிட்டால், அதன் அளவும் எழுத்தும் தெரியாமலே போயிருக்கும்.

சுமார் 80 கோடி பவுண்டு செலவில் முடிந்த நிலையத்தை 2007 நவம்பர் 6-ம் தேதி இரண்டாம் எலிசபெத் அரசி திறந்துவைத்தார். நவம்பர் 14 முதல் ரயில்கள் ஓடின. பாரிஸ் இரண்டேகால் மணி நேரத் தூரமாயிற்று. மார்ட்டின் ஜென்னிங்ஸ் வடித்த ஜான் பெட்ஜமன் சிலை, கூரையை அண்ணாந்து பார்த்தபடி மேல்தளத்தில் நிற்கிறது. அவர் இந்த நாளைக் காணவில்லை; 1984-லேயே காலமாகிவிட்டார். ஓட்டல் 2011-ல் மறுபடி திறக்கப்பட்டது.

ஒரு ரயில் நிலையத்துக்கு உரிய மரியாதை அதில் ரயில் ஓடுவதுதான் என்று நான் நம்புகிறேன். அருங்காட்சியகமாகவோ அங்காடியாகவோ மட்டும் மாறிய நிலையங்களின் சுவர்கள் நிற்கின்றன, பணி நின்றுவிட்டது. செயின்ட் பாங்க்ரஸுக்குப் பணி திரும்பக் கிடைத்தது, அதுவும் முன்பைவிடப் பெரிய பணி. அதற்கு இரண்டு தலைமுறைகள் தேவைப்பட்டன: பயன் தெரியாமலே இடிக்கவிடாமல் தடுத்த தலைமுறை ஒன்று, காத்துக் கிடந்த கட்டடத்தின் அறிவைப் படித்து அதற்கேற்ற பயனைக் கண்ட தலைமுறை இன்னொன்று. 1967-ல் போராடியவர்கள் கூரையின் அழகுக்காகப் போராடினார்கள். கூரையோடு சேர்த்து, யாரும் பொருட்படுத்தாத பீர்க் கிடங்கையும் அறியாமலே காப்பாற்றினார்கள். கடைசியில் வழி திறந்தது அந்தக் கிடங்குதான். ஒரு பழைய கட்டடத்தின் எந்தப் பகுதி நாளை உதவும் என்று இன்று நம்மால் சொல்ல முடியாது. ஆகவே இடிப்பதா என்று முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், தெரியாததையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும்.