படிச்சுப் பார்ப்பதா, ஓட்டிப் பார்ப்பதா?

பொட்டி தட்டுற நம்ம பொழப்புல ஒரு தீராத பஞ்சாயத்து உண்டு மக்களே. எழுதின புரோகிராம் சரிதான்னு எதை வச்சுச் சொல்றது?

ஓட்டாமலே கோடைப் படிச்சுத் தப்பு சொல்லும் ஸ்டாட்டிக் அனாலிசிஸ் ஒரு கட்சி. ஓட்டிப் பார்த்தாத்தான் நம்புவேன் என்கிற டைனமிக் அனாலிசிஸ் எதிர்க்கட்சி.

முதல் கட்சி ஜோசியர் மாதிரி. வரவே வராத கண்டத்துக்கும் பரிகாரம் சொல்லும். நான் சேர்ந்த டீமில் அந்தக் கருவி தினமும் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை துப்பும். யாரும் திறந்து பார்ப்பதில்லை. புலி வருது கதைதான். நிஜப்புலி அதுக்குள்ளயே படுத்திருந்தாலும் தெரியாது.

எதிர்க்கட்சி பொய் சொல்லாது. கிராஷ்னா கிராஷ்தான். ஆனா போன பாதையைப் பத்தி மட்டும்தான் அதுக்குத் தெரியும். 'எக்ஸ் 10 ஆக இருந்தால்' என்ற கிளைக்குள் ஒரு தப்பு ஒளிஞ்சிருக்குனு வைங்க. எக்ஸ் 32 பிட் எண். குருட்டாம்போக்கில் எண்களைக் கொடுத்தா, அது மாட்ட சுமார் 429 கோடியில் ஒரு வாய்ப்பு!

2005-ல் பத்ரீஸ் கோட்ஃப்ராய்ட், நில்ஸ் க்ளார்லுண்ட், கௌஷிக் சென் மூவரும் 'டார்ட்' என்ற கருவியில் ரெண்டு கட்சிக்கும் கூட்டணி போட்டாங்க. முதல்ல ஏதோ ஒரு எண்ணோட ஓட்டு. வழியில் வந்த நிபந்தனைகளைச் சமன்பாடா எழுதி வை. அதில் ஒண்ணைத் தலைகீழாக்கி, அதுக்கு விடை கண்டுபிடி. விடை 10. அடுத்த ஓட்டத்திலேயே ஆள் மாட்டிக்கிட்டார்! சமன்பாடு தீர்க்க முடியாத அளவு சிக்கலா இருந்தா, ஓட்டத்தில் கிடைத்த நிஜ மதிப்பை அங்கே போட்டு மேலே போகலாம். ஒருத்தர் தடுக்கி விழும் இடத்தில் இன்னொருத்தர் கை கொடுக்கிறார்.

இது வெறும் காகித வித்தையில்லை. இதே வழியில் மைக்ரோசாஃப்ட் செய்த 'சேஜ்' கருவி, விண்டோஸ் 7 தயாரிப்பின்போது கோப்புகளைச் சிதைத்துக் கொடுத்துச் சோதித்ததில் சிக்கிய பிழைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கைப் பிடிச்சுது. பெரும்பாலும் அதைக் கடைசியாத்தான் ஓட்டுவாங்க. அதாவது, மத்த கருவிகளெல்லாம் கோட்டை விட்டதை!

குறையும் உண்டு. ஒன்றையொன்று சாராத 30 நிபந்தனை வரிசையா இருந்தா, பாதைகள் 107 கோடியைத் தாண்டும். எல்லாத்தையும் நடந்து முடிக்க ஆயுசு பத்தாது.

எங்க டீமில் இப்ப ஒரு வழக்கம். ஜோசியர் சொன்ன ஒவ்வொரு கண்டத்துக்கும், அதை நிஜமாக்கும் இன்புட் இருக்கானு தேடுறோம். கிடைச்சா உடனே திருத்து. கிடைக்கலைனா? 'தப்பு இல்லை'னு எழுத மாட்டோம். 'இதுவரை சிக்கலை'னுதான் எழுதுவோம். மேனேஜருக்கு அந்த வார்த்தை பிடிக்கிறதில்லை. ஆனா அதை நம்பி மெஷினை ஓட்டுறவருக்கு நாம சொல்லக்கூடிய நேர்மையான பதில் அதுதான்.

டிஸ்கி: ஜோசியர்கள் யாரும் சண்டைக்கு வராதீங்க :-)